‘டர்ன்அவுட்’டுக்குத் தமிழ்ச்சொல்: திங்கட்கிழமைக்குள் தேவை

குன்னூர், நடன ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். தமிழ்வழியில் படிக்கும் மாணவியருக்கான, பாலே என்னும் மேலைநாட்டு நடனத்தின் குறிப்பேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்புறமாகத் திரும்பி நிற்கும் ‘டர்ன்அவுட்’ நிலைக்கு ஒரு சொல் வேண்டும். பழைய குறிப்பேட்டில் உள்ள ‘பாதவிரிப்பு’ என்பதைப் படிக்கும் பிள்ளைகள், பாதங்களை மட்டும் பக்கவாட்டில் அகற்றி வைத்துவிட்டு முழங்காலை முன்னோக்கியே விட்டுவிடுகின்றனர்.

கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்:
அந்தச் சொல்லைக் கைவிடுங்கள், அம்மா. முழங்கால் கீல்மூட்டு, மடக்கவும் நீட்டவும் அமைந்தது. பாதத்தை வலிந்து திருப்பினால் முறுக்கம் முழங்காலில் இறங்கும். பாதமும் உட்புறமாகச் சரியும். திரும்ப வேண்டியது பந்துக்கிண்ண மூட்டாகிய இடுப்பு. பிட்டத்தின் பெருந்தசைக்கு அடியில் இருக்கும் ஆறு சிறு தசைகள் தொடையெலும்பை வெளிப்புறமாகத் திருப்ப, தொடையின் உட்புறத் தசைகள் அந்நிலையைக் காக்க உதவுகின்றன. பெருந்தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் காலை வீசவும் தூக்கவும் தடையாகும். அந்த ஆறனுள் ஒன்றுக்கு இலத்தீனில் ‘பேரிக்காய் வடிவம்’ என்றே பெயர்; பேரிக்காய் விளையும் நம் மலைகளில் அதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ‘இடுப்புப் புறச்சுழற்சி’ என்பது என் பரிந்துரை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பாலேயில் ஒற்றைக்காலில் சுழன்றாடும் அசைவு தனியே இருக்கும்போது, ‘சுழற்சி’யை இங்கே செலவழிக்கலாகாது. தொடைக்குச் சங்கச் சொல் ‘குறங்கு’. ஆடுமகளாகிய விறலியின் குறங்கோடு மலைவாழையை இணைத்துப் பாடுகிறது சிறுபாணாற்றுப்படை. ஆடற்கலைக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. திரி, திருகு, திரும்பு ஆகியவற்றையெல்லாம் ஒரே வேரினவாகக் கருதுபவன் நான். எனவே ‘குறங்குத்திரிவு’ என்க.

உதகை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நான்காம் வகுப்புப் பிள்ளை அதைக் ‘குரங்குத்திரிவு’ என்று படிக்கும். பிறகு அந்த வகுப்பில் பாடம் நடக்காது. பரதத்தின் ‘அரைமண்டி’ எல்லோரும் அறிந்த சொல். அதிலும் தொடைகள் வெளிப்புறமாகத்தானே திரும்புகின்றன?

குன்னூர், நடன ஆசிரியை:
திரும்புகின்றன, ஆனால் அரைமண்டி முழங்கால் மடங்கிய ஒரு நிலையின் பெயர். இங்கோ முழங்கால் நேராக இருக்கும்போதும், கால் தரையை விட்டு எழும்போதும் அந்தத் திருப்பத்தை விடாமல் காக்க வேண்டும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குறங்கை விட்டுத்தருகிறேன், வினையை விடமாட்டேன். ‘திருப்பு’ பிறவினை, ‘திரும்பு’ தன்வினை. பாதத்தை நாம் திருப்புகிறோம்; தொடையோ திரும்புகிறது. மருத்துவர் காட்டிய வேறுபாடு நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. ஆகவே ‘தொடைத்திரும்பல்’.

கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்:
இலக்கணம் அழகாக இருக்கிறது, ஐயா. உடற்கூறு இடம் தரவில்லை. தொடையும் தானாகத் திரும்புவதன்று, அந்த ஆறு தசைகள்தாம் அதைத் திருப்புகின்றன. தன்வினையாகச் சொல்லிவிட்டால், உழைக்க வேண்டிய தசையைப் பிள்ளை தேடவே தேடாது.

உதகை, மொழிபெயர்ப்பாளர்:
‘திரும்பல்’ என்று மட்டும் போட்டால் எப்பக்கம் என்பது விளங்காது. ‘தொடைப் புறத்திரும்பல்’ என்று எழுதி, அது முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘டர்ன்அவுட்’ என்பதையும் சேர்த்துவிடலாம். வகுப்பில் வாயில் வரப்போவது அதுதான்.

குன்னூர், நடன ஆசிரியை:
மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டுவிட்டதால், அவ்வாறே அச்சுக்குக் கொடுக்கிறேன். மருத்துவர் சொன்ன ஆறு தசைகளைப் படத்துடன் அடுத்த பக்கத்தில் சேர்க்கிறேன்.

கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்:
படம் இருப்பதால் தடுக்கவில்லை. ‘இடுப்பு’ என்ற சொல் தலைப்பில் இல்லாதது குறையே என்பதில் மாற்றமில்லை.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘புறம்’ என்பதற்கு முதுகு என்றும் பொருளுண்டு என்பதை எவரும் கருதவில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.