தெரபி முடிந்து வந்த அன்றைக்கு என்ன செய்வது?

கடற்கரைக்காரன்:
2017 ஒக்கி புயலில் கடலில் மாட்டித் திரும்பி வந்தவன் நான். ஊர் நித்திரவிளை பக்கம். இவ்வளவு காலம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் இ.எம்.டி.ஆர். என்ற மனநல சிகிச்சைக்குப் போகிறேன். புயலடித்த அந்த ராத்திரியின் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக அசையும் அவர் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும், அவ்வளவுதான். அந்த அறைக்குள் இருக்கும்வரை சமாளித்துவிடுகிறேன். வடசேரியில் பஸ் ஏறும்போதே தலை கனத்துவிடும், டீசல் வாடை வந்தால் போட் என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், பஸ்ஸில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி "டாக்டர் என்ன சொன்னாரு" என்று கேட்பாள், பாவம் அக்கறையில்தான், ஆனால் எனக்குச் சுள்ளென்று வருகிறது. ராத்திரி கனவு வேறு. இது சரியாகிறதா, மோசமாகிறதா? போய்வந்த அன்றைக்கு நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

தக்கலை சிஸ்டர்:
தம்பி, பயப்படாதீங்க. செஷன் முடிந்தாலும் மனசு அந்த வேலையை உடனே நிறுத்தாது. ஒன்றிரண்டு நாள் அசதி, கனவு, மறந்துபோன துண்டு துணுக்கெல்லாம் மேலே வருவது வழக்கம்தான். வருவதை ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதி மூடி வையுங்கள், உட்கார்ந்து அலசாதீர்கள், அலசும் இடம் அந்த அறைதான். டீசல் விஷயத்தை அடுத்த முறை போனதும் முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று, கடைசிக் கொஞ்ச நேரத்தை உங்களை நிதானத்துக்குக் கொண்டுவர ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், மிச்சத்தை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவதாக நினைக்கச் சொல்வார்கள், அதை அவசரப்படாமல் செய்துவிட்டு எழுந்திருங்கள். நாட்கள் போயும் தூக்கமே இல்லை என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே வீட்டில் சொல்லிவிட்டு 14416 அழையுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மார்த்தாண்டம் பைக்:
எனக்கு விபத்து, அதே சிகிச்சை. மூச்சை இழுத்து விடு என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அது ஒத்துவரவே இல்லை, மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பேன், அதன் குளிர்ச்சி கையில் தெரியும். அப்புறம் போர்டுகளை ஒன்றொன்றாக வாசிப்பேன், பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை என்று. இப்போது எந்த வருஷம், எங்கே இருக்கிறோம் என்று மண்டைக்குள் ஏற அது போதும். டீசல் வாடைக்கு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள், முடிந்த உடனேயும் ஏறாதீர்கள், ஒரு சாயா குடித்துவிட்டு ஏறலாம். அன்றைக்குப் பைக்கைத் தொடவே வேண்டாம். குவார்ட்டரும் வேண்டாம் அண்ணே, உடனே தூக்கம் வருவது நிஜம்தான், நடுராத்திரியில் முழிப்பு தட்டி கனவு இரட்டிப்பாக வரும்.

குளச்சல் அக்கா:
நான் எதிர்ப்பக்கத்து ஆள், என் வீட்டுக்காரருக்கும் இதே கதை. அவர் கத்துவதைவிட நாங்கள் ஒன்றும் தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம். போவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், "வந்ததும் ஒன்றும் கேட்காதே, நானே சொல்றேன்" என்று. இவர் வந்தால் நான் கஞ்சியும் பயறும் எடுத்து வைப்பேன், குளித்துவிட்டுச் சாப்பிடுவார், பேச்சே இருக்காது. மாமியாருக்குத்தான் விளங்க வைக்க முடியவில்லை, மந்திரித்துக் கயிறு கட்டு என்று இன்றைக்கும் சொல்கிறார், அது தனிக் கதை.

கடற்கரைக்காரன்:
எலுமிச்சை யோசனை பிடித்திருக்கிறது. இவளிடம் இன்றைக்கே பேசுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், மறுநாள் தொழிலுக்குப் போகலாமா? இப்போது வலை வேலைதான், ஆனால் துறைமுகத்துக்குள்ளேயே.

தக்கலை சிஸ்டர்:
முடிந்தால் அந்த ஒரு நாள் துறைமுகம் வேண்டாம். சனிக்கிழமை தேதி கேட்டுப் பாருங்கள், ஞாயிறு உங்கள் ஊரில் எப்படியும் தொழில் இல்லையே.

கடற்கரைக்காரன்:
சனி நிறைந்துவிட்டதாம், காலியானால் கூப்பிடுகிறேன் என்றார்கள். அதுவரை மறுநாள் லீவு போட்டுக்கொள்கிறேன், முதலாளியிடம் பல்வலி என்று சொல்ல வேண்டியதுதான்.