புளிக்கொட்டை எடுக்கும் மெஷின்: பேட்டன்ட் போடலாமா, வேண்டாமா?

பாலக்கோடு பட்டறை
வணக்கம். புளியில் கொட்டை எடுக்கிற மெஷின் இது. பழைய மாடலில் ரெண்டு உருளைக்கும் நடுவில் இடைவெளி மாறாது. போன சீசனில் ரெண்டு மெஷின் வித்தாச்சு, மேல்மூடி திறந்து ஓடுற வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுத்துது. புது மாடலில் புளி தடிமனா வந்தா ஒரு உருளை தானா விலகிக் கொடுக்கும். ஒட்டின சதையை ஒரு தகடு வழிச்சு விடும். இது இன்னும் பட்டறையை விட்டு வெளியே போகலை. பேட்டன்ட் போடணுமா? வரைபடத்துக்கு 500 ரூபாயில் காப்பிரைட் போட்டாலே போதும்னும் சொல்றாங்க.

கிண்டி மனு
பழைய மாடலை மறந்துடுங்க. வித்துட்டீங்க, உள்ளே என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும், அது இனிப் புதுசு இல்லை. பேட்டன்ட் சட்டத்தில் 32ஆம் பிரிவு ஒரு சலுகை தருது: வெளியில் வெச்சுத்தான் ஓட்டிப் பார்க்க முடியும்னா, நியாயமான சோதனை ஓட்டத்துக்கு மட்டும், மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்ததை மன்னிக்கும். காசு வாங்கி வித்ததைச் சோதனைன்னு சொல்ல முடியாது. கண்காட்சிச் சலுகையும் மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்குத்தான். தர்மபுரியில் நடக்கிற விவசாயக் கண்காட்சி தானா அதில் வந்துடாது.

புது மாடலுக்கு உடனே தற்காலிக மனு போடுங்க. தனிநபருக்கு ஆன்லைனில் ரூ. 1,600. அன்னையிலிருந்து 12 மாசத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கணும், தவறினா மனு கைவிட்டதா ஆயிடும். பரிசீலனைக்கு படிவம் 18, ரூ. 4,000, முன்னுரிமைத் தேதியிலிருந்து (அதாவது முதல் மனு போட்ட தேதி) 31 மாசத்துக்குள். 2024 மார்ச்சுக்கு முன்னாடி 48 மாசம் இருந்தது. பழைய கணக்கில் இருக்கிறவங்க அங்கேதான் தவறவிடுறாங்க.

ஓசூர் லேத்
எனக்கு உடன்பாடில்லை. விலகிக் கொடுக்கிற உருளை கரும்பு ஆலையிலேயே இருக்கு. ரப்பர் உருளையும் இடைவெளி சரிசெய்யறதும் நெல் உமி நீக்குற மெஷினில் பழைய சங்கதி. வழிக்கிற தகடு சில மாவு மெஷின்லயே இருக்கு. தெரிஞ்ச பாகங்களை மாத்தி அடுக்கினதுன்னு 3(எஃப்) பிரிவில் தள்ளுவாங்க. அது இல்லாட்டி, இந்தத் தொழில் தெரிஞ்ச எவனும் செய்வான்னு தள்ளுவாங்க. புளி ஓடு, கொட்டை நீக்குற மெஷின் பற்றி வேளாண் பொறியியல் ஆய்வாளர்கள் ஏற்கெனவே கட்டுரை எழுதியிருக்காங்க.

கிடைச்சாலும் என்ன? 3ஆம் ஆண்டிலிருந்து 20ஆம் ஆண்டு வரைக்கும் புதுப்பிப்புக் கட்டணமே தனிநபருக்கு ரூ. 76,800. காப்பியடிச்சவன் மேல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டா, அவன் "பேட்டன்டே செல்லாது"ன்னு எதிர்மனு போடுவான். 104ஆம் பிரிவுப்படி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிடும். பாலக்கோட்டிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் போக ஒரு பட்டறை தாங்குமா? அந்தக் காசில் பேரை டிரேட்மார்க் பண்ணுங்க. மெஷின்களுக்கான 7ஆம் வகுப்பு, தனிநபருக்கு ரூ. 4,500, 10 வருஷம். பேரை முன்னாடியே பயன்படுத்தியிருந்தாலும் தடையில்லை. உருவத்தை டிசைன் பதிவு பண்ணுங்க, ரூ. 1,000.

கிண்டி மனு
டிரேட்மார்க் சரி, இன்னைக்கே போடலாம். டிசைன் விஷயம் தப்பு. டிசைனும் வெளியே வராததா இருக்கணும். வீடியோவில் வந்த உடம்புக்கு இனிப் பதிவு நிக்காது. புது மாடலில் புளி கொட்டுற தொட்டிக்கு வேற வடிவம் கொடுத்திருந்தா அதைப் போடலாம், ஆனா கண்ணுக்குத் தெரிகிற தோற்றத்தைத்தான் அது காக்கும். உருளை எப்படி விலகுதுங்கிறதுக்கு அதில் இடமில்லை.

3(எஃப்) பயம் நியாயமானது. பாகங்கள் தனித்தனியா வேலை செஞ்சாத்தான் அந்தப் பிரிவு. இங்கே உருளை விலகும்போது தகடும் கூடவே நகர்ந்து ஒரே இடைவெளியில் வழிக்குதுன்னா, ஒண்ணு இன்னொண்ணை மாத்துது. அப்படித்தான் வேலை செய்யுதா, பட்டறைக்காரரே?

பாலக்கோடு பட்டறை
ஆமாங்க. தகடு உருளையோட நெம்பிலேயே (உருளையைத் தாங்கி விலக விடுற நெம்புகோல்) பூட்டியிருக்கு. தனியா வெச்சப்போ உருளை விலகினதும் தகடு எட்டாமப் போய், சதை சுத்திக்கிட்டு மோட்டார் திணறுச்சு.

கிண்டி மனு
நீங்க இப்போ சொன்னதுதான் கண்டுபிடிப்பு! தனியா வெச்சா என்ன கெட்டது, நெம்பில் பூட்டினா எப்படிச் சரியாச்சு, ரெண்டையும் அளவோட தற்காலிக மனுவிலேயே எழுதுங்க. ரெண்டு வரியில் எழுதிக் கொடுத்துட்டு விற்பனையை ஆரம்பிக்கிறதுதான் பெரிய ஆபத்து. மனுவில் இல்லாத விஷயத்துக்கு முதல் தேதி கிடைக்காது. நடுவில் வித்த உங்க மெஷினே உங்களுக்கு எதிரா நிக்கும்.

உரிமைக்கோரிக்கையில், அதாவது எதுக்கு உரிமை கேட்கிறோம்னு சொல்ற வரியில், "4 மி.மீ. இடைவெளியில் ரப்பர் பூசிய உருளைகள்"னு எழுதினா, 5 மி.மீ.யும் பாலியூரிதேனும் போட்டு ஒருத்தன் தப்பிச்சுடுவான். முதல் கோரிக்கையில் "மீள்தன்மையுள்ள மேற்பரப்பு கொண்ட உருளை, அதன் நெம்போடு இணைந்து நகரும் வழிப்பான்"னு அகலமா வைங்க. ரப்பர், 4 மி.மீ. எல்லாம் முதல் கோரிக்கையைச் சார்ந்து வர்ற கிளைக் கோரிக்கையில். 10 கோரிக்கைக்கு மேல் ஒவ்வொண்ணுக்கும் ரூ. 320. சிறந்த முறையை ஒளிச்சு வெச்சா, பின்னாடி அதுவே ரத்து பண்ணக் காரணமாகும்.

கிருஷ்ணகிரி கூழ்
காப்பிரைட் பற்றி யாரும் சொல்லலையே. 1957 சட்டம் வரைபடத்தையும் கையேட்டையும்தான் காக்கும், மெஷின் ஓடுற விதத்தை இல்லை. பதிவில்லாமலே உரிமை உண்டு. பதிவு ஒரு சான்று மட்டும். டிசைனாப் பதிவு பண்ணத்தக்கதைப் பண்ணாம 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் செஞ்சுட்டா, 15(2) பிரிவில் காப்பிரைட்டும் போகும். 2025 ஏப்ரலில் எரிவாயு ட்ரெய்லர் வரைபட வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிப்படை நோக்கம் அழகா பயன்பாடான்னு பார்க்கச் சொல்லியிருக்கு. மெஷின் வரைபடத்தை நம்பி உக்காராதீங்க.

இன்னொண்ணு. கம்ப்யூட்டரில் (CAD) மெஷின் வரைபடம் வரைஞ்சது வெளியாள்னா, காசு கொடுத்ததாலேயே வரைபடம் உங்களுது ஆயிடாது. எழுத்தில் உரிமை மாற்றம் வாங்குங்க. காலம் எழுதலைன்னா 5 வருஷம்தான்னு 19ஆம் பிரிவு சொல்லுது. மாங்கூழ் டின்னுக்கு லேபிள் வரைய வெளியே கொடுக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

ஓசூர் லேத்
நெம்பில் பூட்டின விஷயம் எனக்குத் தெரியாது. அதுக்கு ரூ. 1,600 போடலாம், ஒத்துக்கிறேன். ஆனா முழு மனுவுக்கு முன்னாடி தேடல் நடக்கணும். பேட்டன்ட் அலுவலகத்தோட இலவசத் தேடல் தளம், கூகுள் பேட்டன்ட்ஸ் ரெண்டிலும் புளி மட்டும் இல்லை, ஒட்டுற பழம் எதுவா இருந்தாலும் தேடுங்க. இதே பூட்டு பேரீச்சை மெஷினில் இருந்தாலே கதை முடிஞ்சது. அப்படி இருந்தா மீதிச் செலவு வேண்டாம்.

கிண்டி மனு
சரியான பேச்சு. அதோட, நெம்பு யோசனை யாருதுன்னு பாருங்க. வெல்டர் சொன்னதுன்னா அவர் பேரும் கண்டுபிடிப்பாளரா வரணும், உங்க பேருக்கு அவர் எழுதிக் கொடுக்கணும்.

பாலக்கோடு பட்டறை
யோசனை பாதி அவருதுதாங்க. ரெண்டு பேர் பேரிலும் போட்டுடறேன். மனு நம்பர் வர்ற வரைக்கும் மேல்மூடி பூட்டியே இருக்கும்.