வீட்டுத் தோட்டத்தில் மரத்தை ஒட்டிக் குளம் தோண்டியபோது என்ன கண்டீர்கள்? மதுரையைச் சுற்றியுள்ளவர்கள், அவரவர் ஊர்ப்பெயரில்.

திருப்பாலை
அந்த வேர்தான் இன்னும் உறுத்துகிறது. வயசான மாமரம், ஏழடி தள்ளிக் குளம், ஜேசிபி. வாளி இழுத்த இழுப்பில் கைத்தடிமன் வேர் அறுபடாமல் மரத்தை நோக்கி நார்நாராகக் கிழிந்தது. கைவாளால் நேராக அறுத்திருந்தால் வெட்டுமுகத்துக்குப் பின்னாலிருந்து புதுச் சல்லிவேர் விடும். கிழிந்த வேரில் ஈரம் தங்கி அழுகல் உள்ளே ஏறும். அதிலும் தோண்டியது மேற்குப் பக்கம்! ஆடிக் காற்று வரும் திசையில் இருக்கும் வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பக்கம் தொடவே கூடாது.

ஒத்தக்கடை
ஏழடி என்று யார் கணக்கு சொன்னது? நெஞ்சுயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடியுங்கள். அந்தச் சுற்றளவைப்போல நாலு மடங்கு தள்ள வேண்டும். மூன்றடிச் சுற்றளவு என்றால் 12 அடி. தென்னைக்கு இது வேண்டாம். அதன் வேர் பருப்பதில்லை, உரம் வைக்கும் ஆறடி வட்டத்தை விட்டால் போதும்.

ஜேசிபி எதற்கு அண்ணே? சுண்ணாம்புக் கோடு போட்டதும், மரம் இருக்கும் ஓரத்தில் மட்டும் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்குக் கையால் வாய்க்கால் எடுங்கள். மரத்துக்குச் சாப்பாடு இழுக்கும் வேர் பெரும்பாலும் அந்த இரண்டடிக்குள்தான். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் கடப்பாரை வேலை குறையும். பெருவிரலைவிடப் பருத்த வேர் தென்பட்டால் குளத்தை நகர்த்துங்கள். சின்ன வேரை அறுத்த கையோடு ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், நம்ம வெயிலில் அரைநாள் போதும் அது காய.

குளம் எட்டடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழம் என்றால் மண் 80 கன அடி. வெளியே வந்ததும் மண் உப்பி ஏறக்குறைய ஒரு யூனிட் (100 கன அடி) ஆகிவிடும். அதை எல்லாரும் மரத்தடியிலேயே குவிக்கிறார்கள். அடிமரம் புதைந்தால் பட்டை அழுகும், வேருக்குக் காற்று போகாது. வண்டி வரும்வரை வெறும் தரையில் கொட்டுங்கள்.

திருமங்கலம்
தூரம், வாய்க்கால் எல்லாம் சரி. மண்ணைப் பற்றி ஒத்தக்கடைக்காரர் பேசவே இல்லையே. அங்கே செம்மண், இங்கே கரிசல். கோடையில் வெடிப்பு விட்டால், தண்ணீர் இறங்காமல் இருக்கக் குழிக்குள் விரிக்கும் ஷீட் அதற்குள் இழுபட்டு மடிப்பில் கிழியும். இரண்டு அங்குலம் எம்-சாண்ட், மேலே பழைய ஜமுக்காளம், அதற்கப்புறம்தான் 500 மைக்ரான் பண்ணைக்குட்டை ஷீட். நீளத்தோடு இருமடங்கு ஆழம், கரையில் மடிக்க இரண்டடி, அகலத்துக்கும் அப்படியே. எட்டுக்கு ஐந்து குளத்துக்கு 14 அடிக்கு 11 அடி ஷீட் வாங்க வேண்டும்.

பார்த்ததிலேயே மோசம் கறிவேப்பிலை. மண்வெட்டி பட்ட வேரிலெல்லாம் பக்கக்கன்று கிளம்பி, ஷீட்டை அடியிலிருந்து கூடாரம் மாதிரித் தூக்கி நின்றது. அந்த வேரை விட்டுவைக்காமல் குழிக்குள் இருப்பதை முழுசாக உருவி எடுத்துவிடுங்கள். கோரையையும் கிழங்கோடு கிளறி எடுக்கணும். மெல்லிய தார்ப்பாய் என்றால் அதன் முளை துளைத்தே வந்துவிடும்.

வண்டியூர்
கண்மாய்ப் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து நிலத்தடி நீர் ஏறியதும், ஷீட் நடுவில் உப்பி எழுந்து அல்லித் தொட்டியைக் கவிழ்த்தது. உள்ளே தண்ணீர் குறைவாகக் கிடந்ததுதான் காரணம். மழைக்காலத்தில் குளத்தை முழுசாக நிரப்பி வையுங்கள், வெளி மட்டத்தைவிட உள்மட்டம் உயர்ந்திருந்தால் ஷீட் எழாது. சுத்தம் பண்ண இறைப்பதைச் சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடாதீர்கள். வழிந்து கண்மாயில் சேர்ந்தால் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்னும். தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் சின்ன மீன் வயல் வாய்க்கால்களில் கிடைக்கிறது, அதுவே கொசுப்புழுவைத் தின்னும். வேப்பமரம் பக்கம் என்றால் மாசி, பங்குனியில் மேலே வலை கட்டுங்கள். இலை உள்ளே அழுகினால் தண்ணீர் கறுத்து மீன் மிதக்கும். அல்லி பூக்க ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும், அதனால் மரநிழலில் அது இலையோடு நின்றுவிடும். கரைக்கு இரண்டு அங்குலம் கீழே ஒன்றரை அங்குலப் பிவிசி குழாய் வைத்து வழிநீரை வாழைக்கு விடுங்கள். மல்லிகை, முருங்கைப் பக்கம் போனால் வேர் அழுகும்.

திருப்பாலை
12 அடிக்கு இடமில்லாத வீட்டுக்கு? தோண்டாமல் தரைமேலேயே மூன்றடிக் கிணற்று உறை ஒன்றை வைத்து, அடியில் சிமெண்ட் பூசலாம். புதுச் சிமெண்டுக்கு வாழைத்தண்டைத் துண்டுபோட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டியபிறகே மீன் விடணும். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்த அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.