டெய்ர் எல்-மெதினா: கல்லறை வெட்டியவர்களின் ஊரில் நாம் சந்தித்தவர்கள்

தொடங்கி வைப்பவர், லண்டன்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பகுதிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மம்மிகளைச் சுற்றியே நிற்பார்கள். அந்த நெரிசலிலிருந்து ஒதுங்கி நின்றபோதுதான் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு என் கண்ணில் பட்டது. ஓர் அடிக்குச் சற்று அதிகமான உயரம், இரண்டு பக்கமும் எழுத்து. இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவேடு அது. 40 தொழிலாளர்களின் பெயர்கள், ஒவ்வொருவரும் வேலைக்கு வராத நாள்கள். வராததற்கான காரணம் மட்டும் சிவப்பு மையில், பொடி எழுத்தில், தேதிக்கு மேலே.

மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு காரணங்களைப் படித்தேன். ஒருவனுக்குத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் இறந்துபோன உறவினரின் உடலைப் பதப்படுத்தப் போயிருக்கிறான். ஒருவன் பீர் காய்ச்சியிருக்கிறான். வீட்டுப் பெண்களின் மாதவிலக்குகூட விடுப்புக்குரிய காரணமாகப் பதிவாகியிருக்கிறது. கல் தூசி பறக்கும் இருட்டுச் சுரங்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கண் நோய் வராமல் இருந்தால்தான் வியப்பு.

இவர்கள் இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த டெய்ர் எல்-மெதினா என்ற ஊரின் மக்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் அரச கல்லறைகளைக் குடைந்ததும் ஓவியம் தீட்டியதும் இவர்கள்தான். தலைமுறை தலைமுறையாக, ஏறக்குறைய 400 ஆண்டுகள் அந்த ஊரில் வாழ்ந்தார்கள். தொழிலுக்கு எழுத்து தேவைப்பட்டதால் மற்ற ஊர்களைவிட இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் விலை அதிகம். உடைந்த பானை ஓடும் கல் சில்லும் காலடியிலேயே கிடந்தன. கடன், வழக்கு, கடிதம், பாட்டு என்று எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள்.

மன்னர்களைப் பற்றி ஏராளமாகப் பேசியாகிவிட்டது. இந்த ஊர்க்காரர்களில் யாரையாவது ஓர் ஓட்டிலோ, புத்தகத்திலோ, அருங்காட்சியகத்திலோ சந்தித்தவர்கள் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பத்திர எழுத்தர், கோயம்புத்தூர்

எனக்கு அந்த ஊரில் ஓர் அம்மாவைத் தெரியும். பெயர் நவ்நக்தே. ஐந்தாம் ராம்சேஸின் 3ஆம் ஆண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஊர் மன்றத்தின் முன் நின்று அவர் சொன்ன உயில் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். நாள் முழுதும் உயிலும் பாகப்பிரிவினையும் எழுதுகிறவன் நான். தொழில் கண்ணோடுதான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தன் தகுதியைச் சொல்கிறார்: நான் பாரோவின், அதாவது எகிப்திய மன்னரின், நாட்டில் ஒரு சுதந்திரப் பெண். அடுத்து, எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, அவர்கள் நிலையில் உள்ளவர்களுக்குச் செய்ய வேண்டிய சீர்களையெல்லாம் செய்தேன் என்கிறார். அதன் பிறகு வருகிறது: இப்போது எனக்கு வயதாகிவிட்டது, அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை, என் கையோடு கை கொடுத்தவர்களுக்கு என் சொத்தைத் தருவேன், கொடுக்காதவர்களுக்குத் தர மாட்டேன்.

இந்த வாக்கியத்தை எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது குரல் உடையும், ஆனால் முடிவு உடையாது. நவ்நக்தேயும் அப்படித்தான். யாருக்கு என்ன, யாருக்கு இல்லை என்று பெயர் சொல்லிப் பிரிக்கிறார். ஒரு மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கழுவு பாத்திரம். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் தந்தையின் பங்கில் உரிமை உண்டு என்பதையும் தெளிவாக்குகிறார். தன் சொத்து வேறு, கணவர் சொத்து வேறு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பின்னொரு நாள் கணவரும் பிள்ளைகளும் மன்றத்துக்கு வந்து, அவர் எழுதியபடியே நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. பத்திரம் என்ற முறையில் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்தார், தன் வாயால் அதைப் பிரித்தார், ஊர் அதை ஏற்றது. இதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, மதுரை

நான் பார்த்தது ஒரு வேலைநிறுத்தத்தை. தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் பேசவந்தவர் அச்செடுத்துக் கொடுத்த இரண்டு பக்கம், இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு. ஊதியம் என்பது அவர்களுக்குத் தானியம்: கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் கழிந்துவிட்டது, நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று சொல்லி, காவல் சுவர்களைத் தாண்டி வெளியே வந்து, பழைய மன்னர் ஒருவரின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் வந்து சமாதானம் சொன்னார்கள். எழவில்லை. அடுத்தடுத்த நாள்களில் இன்னொரு பெரிய கோயிலுக்கே போய்விட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் இங்கே வந்தோம், உடுத்தத் துணி இல்லை, பூச எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல தலைவரான பாரோவுக்கு எழுதுங்கள், எங்கள் மேலதிகாரியான அமைச்சருக்கும் எழுதுங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை. கடைசியில் முந்தைய மாதத்து நிலுவை வந்து சேர்ந்தது. அதோடு தீரவில்லை, தானியம் மறுபடி தடைப்பட்டது, அவர்களும் மறுபடி வெளியே வந்தார்கள்.

இதைப் படித்த அன்று என்னை உலுக்கியது அந்த ‘எண்ணெய் இல்லை’ என்ற சொல். பட்டினி என்றால் எல்லோருக்கும் புரியும். வறண்ட மலையடிவாரத்தில் வெயிலில் வெடிக்கும் தோலுக்குத் தடவ எண்ணெய் இல்லை என்பதைத் தொழிலாளிதான் சொல்ல முடியும். வேலைநிறுத்தம் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு இது என்று சொல்கிறார்கள். அந்த பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் நகரத்தில் இருக்கிறதாம். அங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஆராய்ச்சி மாணவி, டூரின்

ஐயா, நான் இங்கேதான் படிக்கிறேன். இங்குள்ள எகிப்திய அருங்காட்சியகத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது காவும் மெரித்தும் இருக்கும் அறையில். கா, கட்டுமானப் பணிகளின் மேற்பார்வையாளர். மெரித் அவர் மனைவி. வேலைநிறுத்தத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தவர்கள். 1906இல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர், டெய்ர் எல்-மெதினாவின் மலைச்சரிவில் இவர்களுடைய கல்லறையைத் திருடர் கைபடாத நிலையில் கண்டுபிடித்தார். உள்ளே இருந்தது ஒரு முழுக் குடித்தனம்.

ரொட்டிகள் அப்படியே இருக்கின்றன, பல வடிவங்களில். பூண்டு, வெங்காயம், உப்பிட்ட மீன். கட்டில், விரிப்பு, தலை வைக்கும் கட்டை. காவின் உள்ளாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெளுக்கப் போடும்போது மாறிவிடாமல் இருக்க அவற்றில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். மன்னர் பரிசளித்த பொன் தகடு வேய்ந்த முழக்கோலும் இருக்கிறது. பெரும்பாலோர் அதற்கு முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மெரித்தின் பொய்முடியை விட்டு நகர முடிவதில்லை. நீளமான, அலை அலையான முடி. அதற்கென்றே செய்த உயரமான மரப்பெட்டி. பக்கத்தில் அழகுப் பொருள்கள் வைத்த சிறு பெட்டி, அதில் கண் மை குப்பி. மெரித் கணவருக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கென்று சவப்பெட்டி இன்னும் ஆயத்தமாகவில்லை. கா தனக்காகச் செய்து வைத்திருந்த பெட்டியையே மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அது மெரித்தின் உடலுக்குப் பெரிது. இடைவெளியைத் துணிகளால் நிரப்பியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பது காவின் பெயர். எகிப்தியர்கள் சாவையே நினைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த அறையில் இருப்பது முழுக்க முழுக்க வாழ்க்கை. அதை விட்டுப் போக மனமில்லாதவர்கள் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்

இலக்கியம் பக்கம் யாரும் வரவில்லையே என்று நான் எழுதுகிறேன். 1928இல் அந்த ஊரில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் ஒன்று, செஸ்டர் பீட்டி என்ற சேகரிப்பாளரின் பெயரால் அழைக்கப்படுவது, இன்று டப்ளினில் இருக்கிறது. அதில் காதல் பாடல்கள் வருகின்றன. ஒன்றில் தலைவன் சொல்கிறான்: ஏழு நாளாக அவளைக் காணவில்லை. நோய் என்னுள் புகுந்துவிட்டது. உடல் கனக்கிறது. தலைசிறந்த மருத்துவர்கள் வந்தாலும் அவர்கள் மருந்து என் நெஞ்சை ஆற்றாது. அவள் வந்துவிட்டாள் என்ற சொல்தான் என்னை எழுப்பும்.

வகுப்பில் அகத்துறைப் பாடம் முடிந்த பிறகு, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் இதை வாசித்தேன். குறுந்தொகையா நற்றிணையா என்று மாணவர்கள் வாதாடிக்கொண்டார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டு எகிப்து என்றபோது வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருந்தது. பெண் பேசும் பாடல்களும் அந்தத் தொகுப்பில் உண்டு. அவன் வீட்டு வழியே போகும்போது திறந்திருந்த கதவின் வழியே அவனைப் பார்த்து நெஞ்சு தடுமாறுவதை அவள் சொல்கிறாள். அவனருகே அவன் தாய் நிற்கிறாள் என்ற சின்ன விவரம் அந்தக் காட்சிக்கு எவ்வளவு உயிர் தருகிறது பாருங்கள்.

இந்த ஊரில் ஒரு புத்தகப் பிரியரும் இருந்தார். கென்ஹெர்கெப்ஷெஃப் என்ற எழுத்தர். கோவை அன்பர் எழுதிய நவ்நக்தே அம்மாவின் முதல் கணவர் அவர்தான். அவரிடம் ஒரு கனவுப் பலன் சுருள் இருந்தது. இன்று லண்டனில் இருக்கிறது. பெரிய பூனையைக் கனவில் கண்டால் நல்லது, அமோக விளைச்சல். கண்ணாடியில் முகம் பார்த்தால் கெட்டது, இன்னொரு மனைவி வருவாள். கெட்டது என்ற சொல் மட்டும் சிவப்பு மையில். அதன் பின்பக்கத்தில் இரண்டாம் ராம்சேஸ் நடத்திய காதேஷ் போரைப் பற்றிய கவிதையைத் தன் கையால் படியெடுத்திருக்கிறார். கையெழுத்து மிகவும் கிறுக்கலாக இருக்கும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நாளெல்லாம் அலுவலகக் கணக்கு எழுதிவிட்டு, இரவில் தனக்கென்று ஒரு கவிதையைப் படியெடுத்த மனிதர் என்றுதான் அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடல் வாணிப ஆர்வலர், தூத்துக்குடி

ஊர் வேறு, காலம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. ஆனாலும் ஓட்டில் எழுதும் பழக்கம் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற ரோமானியர் காலத் துறைமுகத்தில், கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பை இங்கே புரிந்துகொள்வீர்கள்.

தொடங்கி வைப்பவர், லண்டன்

எல்லோருக்கும் நன்றி. லக்சர் போகத் திட்டமிட்டிருக்கும் இரண்டு பேர் தனிமடலில் கேட்டதால், நான் அங்கே போனதையும் எழுதிவிடுகிறேன்.

படகில் மேற்குக் கரைக்குப் போய், அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். ஊரின் அடித்தளங்கள் அப்படியே தெரிகின்றன: நடுவே ஒரு குறுகிய தெரு, இரு பக்கமும் ஒட்டி ஒட்டி நீளவாக்கில் வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அறைகள். கடைசி அறையில் அடுப்பு. மாடிக்குப் போகும் படிகளின் அடிப்பகுதி சில வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. கிணறு கிடையாது. ஆற்றுப் பக்கத்திலிருந்து நீர் சுமப்பவர்கள் நாள்தோறும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீருக்காக ஊருக்கு வடக்கே 50 மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள், ஊற்று வரவில்லை. பிறகு அந்தப் பள்ளம் குப்பைக்குழியானது. நாம் மேலே பேசிய மாதிரியான எழுத்துச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் அதிலிருந்துதான் கிடைத்தன. பள்ளத்தின் விளிம்பில் நின்று கொஞ்சம் உள்ளே எட்டிப் பாருங்கள்.

சென்னெஜெம் என்பவரின் கல்லறையைத் தவற விடாதீர்கள். செங்குத்தான படிகளில் குனிந்து இறங்க வேண்டும், உள்ளே புழுக்கமாக இருக்கும். ஆனால் மஞ்சள் பின்னணியில் அவரும் மனைவி இய்னெஃபெர்த்தியும் மறுமை வயலில் உழுவதும் அறுவடை செய்வதும் நேற்று தீட்டியது போல இருக்கின்றன. வயல் வேலைக்கு இருவரும் சலவை வெள்ளையில் வந்திருக்கிறார்கள். மன்னர்களுக்காகப் பகலெல்லாம் வேலை பார்த்தவர்கள், தங்களுக்கென்று ஓய்வு நாள்களில் செய்துகொண்ட வேலை இது. எனக்கு இது அரச கல்லறைகளைவிட உயர்ந்ததாகப் படுகிறது.

மன்னர்களின் பள்ளத்தாக்கை முதலில் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் இங்கே வருவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் காலையில் முதல் வேலையாக டெய்ர் எல்-மெதினாவுக்குப் போங்கள். தொழிலாளர்கள் மலை ஏறி வேலைக்குப் போன ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைத்தால், போதிய தண்ணீரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் இருந்தால், அதன் வழியே நடந்தே பள்ளத்தாக்குக்குப் போகலாம். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.