பொருள்: கோப்பு நேரமுத்திரை – ‘துல்லியம்’ ஒன்றே போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான இயங்குதளச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பயிற்சியில் நின்றுவிட்டேன். வெற்றுக் கோப்புகளை மடமடவென்று உருவாக்கி, கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையால் அவற்றின் நேரமுத்திரைகளை, அதாவது கடைசியாக மாறிய நேரப் பதிவுகளைப் படித்து, அடுத்தடுத்து மாறும் நேரங்களுக்கிடையே மிகச் சிறிய இடைவெளி எவ்வளவு என்று காண வேண்டும். ஃபேட்32 என்ற கோப்பு முறைமை உள்ள பென்டிரைவில் அது 2 நொடிக்குக் கீழே இறங்காது. லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 நானோநொடி வரை எழுதிவைக்கும். ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் கடிகாரம் நொடிக்கு 250 முறை துடிக்கும் லினக்ஸில் 4 மில்லிநொடித் தாவலாகத்தான் வருகிறது. இந்தத் தாவலுக்கும் ‘துல்லியம்’, கடிகாரம் சரியாக ஓடுவதற்கும் ‘துல்லியம்’ என்றால் மாணவர் குழம்புவார். தாவலுக்குத் தனிச்சொல் வேண்டும்.

---

> தாவலுக்குத் தனிச்சொல் வேண்டும்.

அம்மையீர், தொல்காப்பியர் தந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்: ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’. ஃபேட்டுக்கு 2 நொடி மாத்திரை என்று எழுதுங்கள். வடசொல் என்பார்கள்; ஒருமா, அரைமா என்று அளவில் வரும் ‘மா’வே இதன் வேர் என்பது என் துணிபு. வடசொற்களான ‘முத்திரை’யையும் ‘துல்லியத்தை’யும் விலக்கி, நேரமுத்திரையை நேரப்பொறி என்றும் துல்லியத்தை நுண்மை என்றும் சொல்லலாம்.

முல்லைப்பாட்டில் பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள் குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கடிகாரம் பார்த்து நாழிகை சொல்கிறார்கள். கன்னல் கரும்புக்கும் பெயர். கரும்பின் கணுவும் ஒருவகைத் தாவல்தானே? இதைத் தனியே எழுத வேண்டும்.

---

ஐயா, பொறுத்தருள்க. ஆய்வகத்தில் ‘2 நொடி மாத்திரை’ என்றால் மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும். நேரப்பொறியை ஏதோ இயந்திரம் என்றே படிப்பார்கள்.

ஃபேட்டில் மாற்ற நேரத்துக்கு மொத்தம் 16 பிட். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக நொடிக்கு மிஞ்சுவது 5. அதில் 32 எண்களே அடங்கும். 60 நொடி கொள்ளாது. அதனால் இரண்டிரண்டாக எண்ணினார்கள். 10:15:07 என்று ஒரு நேரமே அங்கே கிடையாது. மாடிப்படியில் இரண்டு படிக்கு நடுவே காலூன்ற முடியாதல்லவா? ஆகவே ‘காலப்படி’.

---

காலப்படி எனக்கும் சம்மதம். ஆனால் ‘துல்லியத்தை’ விரட்டாதீர்கள். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் 100 நானோநொடி அலகில் எழுதுகிறது. கோப்பைக் கடைசியாக அணுகிய நேரத்தையோ வட்டில் ஒரு மணி நேரம் வரை தாமதித்துப் புதுப்பிக்கலாம். அலகு நுண்ணியது, சொல்லும் நேரம் பழையது. ‘நுண்மை’ என்று மாற்றினால் இந்த வேறுபாடே மறைந்துபோகும். உண்மை நேரத்தோடு ஒத்துப்போவதற்கு மட்டும் துல்லியத்தை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லை வேர் பார்த்து ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

---

நன்றி. மூன்று பேர் ஒத்துவருவதால் இன்றிரவு மெய்ப்பில் இப்படிப் போகிறது: எழுதிவைக்கும் அலகு ‘பதிவலகு’, சோதனையில் தெரியும் தாவல் ‘காலப்படி’, உண்மை நேரத்தோடு பொருத்தம் ‘துல்லியம்’. ஈஎக்ஸ்டி4 எடுத்துக்காட்டில் பதிவலகு 1 நானோநொடி, காலப்படி 4 மில்லிநொடி. நேரமுத்திரை அப்படியே இருக்கட்டும்.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பஞ்சப்படி, பயணப்படி வாங்குகிறவர் காலப்படியையும் சம்பளக் கணக்கில்தான் சேர்ப்பார். மாத்திரைக்கு அரையும் காலும் இலக்கணத்திலேயே உண்டு. மகரக்குறுக்கம் கால் மாத்திரை. ‘கால் காலப்படி’ என்று எப்படி எழுதுவீர்கள்? அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள். கன்னல் பற்றி நாளை எழுதுகிறேன்.