புதுப்பிப்பு: குதிகால் வலிக்கு மசாஜ், எது பலித்தது

காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது, எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

பலித்தது, எழுவதற்கு முன்பே செய்யச் சொன்ன யோசனைதான்: கட்டிலில் உட்கார்ந்தபடி கால்விரல்களை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, விறைத்து நிற்கும் உள்ளங்கால் நாரைக் கட்டைவிரலால் குறுக்காகத் தேய்ப்பது. எண்ணெய் எதுவானாலும் சரி. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டுவது அப்போதைக்கு இதம், அவ்வளவுதான்.

எதிர்பாராதது: கெண்டைக்கால் தசை இறுகிக் கிடப்பதைப் பிசியோதெரபிஸ்ட் காட்டினார். அதையும் நீவி, சுவரில் கைவைத்து நீட்டத் தொடங்கிய பிறகே வலி வேகமாகக் குறைந்தது. அப்புறம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.