தொல்லியலில் ‘கான்டெக்ஸ்ட்’: சூழலா, கிடக்கையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வு அறிக்கை ஒன்றைத் தமிழாக்கி வரும் அம்மையார் ஒருவர், அகழ்ந்தெடுத்த பொருள் கிடந்த நிலையைக் குறிக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ (context) என்ற சொல்லுக்குச் சூழல், பின்புலம், இட அமைவு ஆகிய மூன்றில் எதை ஆள்வது என்று கேட்டிருந்தார். மூன்றும் போதா என்பது என் கருத்து. ‘கிடக்கை’ என்ற சொல்லை ஏற்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஈராக்கின் தென்பகுதியில் உள்ள ‘ஊர்’ (Ur) என்ற பண்டைய நகரில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழாய்வு நடத்தினார். அங்கே அரச கல்லறைகளை ஒட்டிய பெருங்குழி ஒன்றில் 74 பேரின் எலும்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், பலருடைய தலையில் பொன்னாலோ வெள்ளியாலோ ஆன நாடா இருந்தது. ஒரு பெண்ணின் தலையில் மட்டும் நாடா இல்லை. இடுப்பருகே சிறிய வட்டமாக ஒன்று தென்பட, அது சுருட்டியபடியே இருந்த வெள்ளி நாடா என்பது பிறகு தெரிந்தது. சடங்குக்கு நேரமாகிவிட்டதால் அவள் அதை அணியாமலேயே கையோடு கொண்டுவந்திருக்க வேண்டும் என்று வூலி கருதினார். இந்த விளக்கத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் அப்படி ஒரு கேள்வியை எழுப்ப முடிந்ததே அந்த நாடா எங்கே, எந்த நிலையில், யாருடைய உடலை ஒட்டிக் கிடந்தது என்பது பதிவானதால்தான். அதையே ஒரு திருடன் தோண்டி எடுத்துப் பழம்பொருள் சந்தையில் விற்றிருந்தால், நமக்கு எஞ்சுவது ஒரு வெள்ளித் தகடு மட்டுமே. அதே கல்லறைத் தொகுதியில் மரம் முழுதும் மக்கிப்போன யாழ் ஒன்று மண்ணில் வெறும் துளைகளாக நின்றது. அத்துளைகளில் சாந்தைக் கரைத்து ஊற்றி யாழின் வடிவத்தை மீட்டார்கள். பொருளே இல்லாத இடத்திலும் அது கிடந்த நிலை சான்றாக நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆகவே இச்சொல் மூன்று செய்திகளைச் சுமக்க வேண்டும்: பொருள் கிடந்த இடம், அது கிடந்த மண்ணடுக்கு, அதனோடு கிடந்த பிற பொருள்கள். ‘இட அமைவு’ முதலாவதை மட்டுமே சொல்கிறது. ‘பின்புலம்’ மனிதர்க்கும் நிகழ்ச்சிகளுக்கும் பொருந்துமே தவிர, பானை ஓட்டுக்குப் பொருந்தாது. ‘சூழல்’ பரவலாக வழங்குவது உண்மைதான். ஆனால் மகரந்தம், விலங்கெலும்பு, ஆற்றின் பழைய போக்கு ஆகியவற்றைப் பேசும் இயலுக்கு அதே அறிக்கையில் ‘தொல்சூழல்’ என்று தலைப்பிடுகிறோம். “இவ்வோட்டின் சூழல் தெரியவில்லை” என்ற தொடரைப் படிப்பவர், அக்காலத்தில் காடு இருந்ததா வயல் இருந்ததா என்பது தெரியவில்லை என்று புரிந்துகொண்டால் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

கிடக்கை என்பது நம் உரையாசிரியர்கள் ஆண்ட சொல். செய்யுளில் சொற்கள் அமைந்து கிடக்கும் முறையைச் சொற்கிடக்கை என்பார்கள். ஒரு சொல் எதன் முன், எதன் பின் கிடக்கிறது என்பதைக் கொண்டு பொருள் காணும் அந்த உரைமரபுக்கும், ஓர் ஓடு எதன் மேல், எதன் கீழ் கிடக்கிறது என்பதைக் கொண்டு காலம் காணும் தொல்லியலுக்கும் உள்ள ஒப்புமையே இச்சொல்லை நான் விரும்புவதற்கு முதற்காரணம். ‘கிடப்பு’ என்றால் எளிதாக இருக்குமே என்று கேட்கலாம். கோப்புகளைக் கிடப்பில் போடும் வழக்கு அதைக் கெடுத்துவிட்டது.

வழிச்சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன. முதலில் கிடந்த இடத்திலேயே இருப்பதைக் குறிக்கும் ‘இன் சிட்டு’ (in situ) என்பதைக் ‘கிடக்கை குலையாத’ என்றும், பிற்காலக் குழியாலோ எலிவளையாலோ இடம் மாறியதைக் ‘கிடக்கை குலைந்த’ என்றும், கொள்ளையரிடமிருந்து மீட்டதைக் ‘கிடக்கை இழந்த’ என்றும் சொல்லலாம். உடன் கிடந்த பொருளை ‘உடன்கிடை’ எனலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் உள்ளூர் ஓடுகளின் காலத்தைக் கணித்தது, இத்தாலியில் காலம் அறியப்பட்டிருந்த அரட்டைன் என்னும் சிவப்பு மட்கல ஓடுகள் அவற்றுக்கு உடன்கிடையாக இருந்ததால்தான். ரௌலட்டட் (சிறு சக்கரத்தை உருட்டிப் பதித்த வரிகள் கொண்ட) வகை ஓடுகளுக்கு அவர் குறித்த காலத்தைப் பின்வந்தவர்கள் இன்னும் முன்னே தள்ளினார்கள் என்றாலும், முறை அதுவேதான்.

கீழடியை வைத்தும் இச்சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட செய்தி எல்லோருக்கும் தெரியும். செய்தித்தாள்களில் ஆழமும் ஆண்டுமே பெரிதாக இடம்பெற்றன. அந்த ஆண்டு, அருகில் கிடைத்த ஓட்டுக்கும் அதன்மேல் கீறிய எழுத்துக்கும் உரியதாகுமா என்பதை ஆழத்தின் அளவு முடிவு செய்வதில்லை. கரியின் கிடக்கையும் ஓட்டின் கிடக்கையும் ஒரே அடுக்கினவா என்பதே முடிவு செய்கிறது. “கிடக்கை குலையாத அடுக்கிலிருந்து எடுத்த கரி” என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் இது விளங்கும். கிடக்கையைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிராய் நகரம் சான்று. அங்கே ஹைன்ரிக் ஷ்லீமன் 1873இல் எடுத்த பொற்குவியலை, கிரேக்கக் காப்பியம் சொல்லும் டிராய்ப் போர்க்கால மன்னன் பிரியமுடையது என்று அறிவித்தார். அது கிடந்ததோ அடியிலிருந்து இரண்டாவது குடியிருப்பில், டிராய்ப் போருக்குக் குறிக்கப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்திய அடுக்கில்.

இச்சொல்லில் ஒரு முட்டு இருக்கிறது. பிரிட்டிஷ் மரபில் ஒவ்வொரு மண் படிவுக்கும் தனி எண் கொடுத்து அதையே ‘கான்டெக்ஸ்ட்’ என்கிறார்கள். எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த, எது முந்தியது எது பிந்தியது என்று காட்டும் அடுக்கு வரைபடம் இந்த எண்களைக் கொண்டே அமைகிறது. அம்முறையில் தூண் நடத் தோண்டிய குழியின் வெட்டுக்கும் ஓர் எண் உண்டு. வெட்டு என்பது மண்ணை அகற்றிய செயலின் தடம். அது எங்கும் ‘கிடப்பது’ இல்லை. எனவே அந்தப் பொருளில் வரும்போது மட்டும் ‘பதிவலகு’ என்று தனிச்சொல் வைத்து, “பதிவலகு 14, வெட்டு”, “பதிவலகு 15, நிரப்பு மண்” என்று எழுதலாம் என எண்ணுகிறேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் அமைவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே இரண்டு கருத்துகள் இருக்கின்றன.

அகழாய்வுக் குழியில் நின்று பதிவேடு எழுதிய பட்டறிவு உள்ளவர்கள், வெட்டையும் நிரப்பு மண்ணையும் தமிழில் எப்படிக் குறிக்கிறீர்கள் என்று எழுதினால், இச்சொல்லுக்கு நான் எழுதும் அகராதிப் பதிவை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறேன்.